சும்மாதான்

மறுபடியும் அதிர்கிறது. என் போன் இல்லை, கௌசல்யாவின் போன். என் மடியில் கவிழ்ந்து கிடக்கிறது, தொடையில் ஒரு சின்ன உதறல் ஓடி நின்றுவிட்டது. பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. எதிரே சாய்வு நாற்காலியில் கௌசி மல்லாந்து கிடக்கிறாள். முகம் முழுக்கப் பச்சைக் களிம்பு, இரண்டு கண்ணிலும் வெள்ளரித் துண்டு, முடியை ஏற்றிக் கட்டிய ரோஸ் கலர் பட்டை. "காயற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது, கோடு விழுந்துரும்" என்று சொல்லிவிட்டு ஷைலா அக்கா உள்ளே வேறு யாருக்கோ தலைக்கு மருதாணி போடப் போய்விட்டார். ஆக இந்த அறையில் இருப்பது நானும், பேசவும் பார்க்கவும் முடியாத என் ரூம்மேட்டும், அவளுடைய போனும்தான். சனிக்கிழமை மத்தியானம், பீளமேட்டில் ஒரு மாடியில் இருக்கிற சின்னப் பார்லர், ஏசி இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது. நான் புருவம் எடுக்க வந்தேன். இல்லை, நானாக வரவில்லை, அவள்தான் கூப்பிட்டாள், "நீயும் வாடி சிந்து, தனியா போக போரடிக்குது" என்று. முதல் வருஷத்திலிருந்து ஒரே அறையில் இருக்கிறோம், முகத்துக்குக் கடலை மாவு தவிர எதையும் பூசாதவள். ஃபேஷியல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், அக்காவுக்கு அடுத்த வாரம் நிச்சயம், தேனிக்குப் போகணும், சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேள்வி அவர்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சாயும் முன்னால் போனை என்னிடம் நீட்டினாள். "இத வெச்சுக்கோ." அவளுக்குக் கைப்பை இருந்தது. பையை வைக்க அலமாரி இருந்தது. ஆனாலும் என்னிடம் நீட்டினாள். மறைக்க ஒன்றும் இல்லாதவள்தான் தன் போனை இன்னொருத்தி கையில் கொடுப்பாள். மறைக்க ஒன்றும் இல்லை என்று காட்ட நினைக்கிறவளும் கொடுப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் கஷ்டம். அவள் போனைத் திறக்கப் போடுகிற பேட்டர்ன் எனக்குத் தெரியும். மேலிருந்து இறங்கி, வலது பக்கம் போய், கடைசியில் நடுப்புள்ளிக்குள் திரும்பும். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்தால் மாற்றியிருப்பாள். மாற்றவில்லை என்றால் மறைக்க ஒன்றும் இல்லை. இல்லையென்றால் மாற்றினால் நான் கவனிப்பேன் என்று பயந்து மாற்றாமல் விட்டிருக்கிறாள். நான் ஒளிந்து நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது இல்லை, கண்ணில் பட்டது. என் கண்ணில் எல்லாம் படும். ஹாஸ்டல் மெஸ்ஸில் யார் யாருக்கு எதிரே உட்காருவதை நிறுத்திவிட்டார்கள் என்பது படும். போன் வந்ததும் யார் படிக்கட்டுப் பக்கம் போகிறார்கள், யார் இருந்த இடத்திலேயே பேசுகிறார்கள் என்பது படும். படிக்கட்டுக்குப் போகிறவள் காதலிக்கிறாள், இருந்த இடத்திலேயே கத்திப் பேசுகிறவளுக்கு வீட்டிலிருந்து வந்திருக்கிறது. கௌசி போன வாரம் மூன்று தடவை படிக்கட்டுக்குப் போனாள். அக்கா நிச்சயதார்த்தம் பற்றி வீட்டில் பேசப் படிக்கட்டு எதற்கு?

எட்டு வயதிலிருந்தே எனக்கு இதுதான் வேலை. உடுமலையில் அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா ஃப்ளாஸ்க்கில் டீ ஊற்றிக் கையில் கொடுப்பாள். "கண்ணு, அப்பாவுக்குக் குடுத்துட்டு வா. கடைல ஆரு ஆரு இருக்காங்கன்னு பாத்துட்டு வா." முதல் பாதி சத்தமாக வரும், இரண்டாவது பாதி மெதுவாக வரும். அப்பாவின் கடைக்கு அடுத்த கடையே டீக்கடை, வீட்டிலிருந்து எதற்கு டீ என்று எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. நான் நன்றாகப் பார்ப்பேன். கடைக்குள் நுழையும் முன்னால் எதிர்ப்பக்கம் உரக்கடை வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். பில் எழுத வருகிற வளர்மதி அக்கா ஒரு நாள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அப்பா இந்தப் பக்கம், நடுவில் வறுத்த பட்டாணிப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. இரண்டு பேரும் அதிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வேறு ஒன்றும் இல்லை. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டதே இல்லை, பல் தெரிய, தோள் குலுங்க, சின்னப் பையன் மாதிரி. உரக்கடை வாசலில் நின்று நான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன், அதற்குப் பிறகு உள்ளே போய் டீயைக் கொடுத்தேன், அப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். "ஆரு இருந்தாங்க?" "ஆருமில்லம்மா, அப்பா மட்டும்தான்." அம்மா குனிந்து என் உதட்டைப் பார்த்தாள். ரோஸ்மில்க் ஒட்டியிருந்தது. "அப்பிடியா" என்றாள். அன்றைக்கிலிருந்து அம்மா என்னையும் சந்தேகப்பட ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். நான் தூங்குகிறேனா என்று போர்வையை விலக்கிப் பார்ப்பாள். அப்பா குளிக்கப் போனதும் அவர் சட்டையை எடுத்து முகர்வாள், பையைத் துழாவுவாள், போனை எடுத்துப் பெருவிரலால் தடவிக்கொண்டே நிற்பாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் வைத்துவிடுவாள். அந்தச் சத்தம் நிற்கப்போகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், வாளியின் அடியில் சொம்பு உரசும். நான் இருமுவேன். அம்மாவுக்காக இருமினேனா, அப்பாவுக்காக இருமினேனா, இப்போதும் தெரியவில்லை.

அதனால்தான் ஜோயலிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவன் பக்கத்துக் காலேஜில் எம்பிஏ, குன்னூர்க்காரன், எங்கள் கலைவிழாவில் மைக் செட் பார்க்க வந்தவன். நான் தொகுத்து வழங்கினேன், மைக் கரகரத்தது, மேடைக்குப் பின்னால் வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்காமலே வயரை மட்டும் திருகிச் சரி பண்ணினான். அப்புறம் பேக்கரி, அப்புறம் பைக்கில் மருதமலை ரோடு, அப்புறம் தியேட்டரில் இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் கையைப் பிடித்தான், நான் எடுக்கவில்லை. வெளியே வந்து பார்க்கிங்கில் சொன்னேன். "இங்க பாரு, இது சும்மாதான். லவ்வு கிவ்வுன்னு எதுவும் இல்ல. நீ எங்க போற, யாரோட பேசறன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் கேக்கக் கூடாது." அவன் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே "சரி" என்றான். யோசிக்கவே இல்லை. ஒரு பெண் இப்படிச் சொன்னால் ஒருத்தன் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? ஏன் என்றாவது கேட்க வேண்டாமா? அவ்வளவு சட்டென்று வந்த சரிக்குப் பின்னால் வேறு யாராவது இருப்பாளோ என்று அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தோன்றிவிட்டது. கேட்கக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன், கேட்காமல் இருக்கிறானே என்று நான்தான் புழுங்கினேன். ஆனால் சட்டம் நல்ல சட்டம். யாரும் யாருக்கும் சொந்தம் இல்லை என்றால் யாரும் யாரையும் இழக்க வேண்டியதில்லை, யாருடைய சட்டையையும் முகர வேண்டியதில்லை. வீட்டுக்குத் தெரிந்தால்கூட, அது ஒன்றும் இல்லைப்பா, சும்மா ஃப்ரெண்ட் என்று சொல்லிவிடலாம், அதில் பொய்யும் இல்லை. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்துவார்கள் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஹாஸ்டலில் ரெபெக்கா கதை எல்லோருக்கும் தெரியும். ஒருத்தன் விட்டுப்போனான் என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள், வெளியே வாளியோடு வரிசையில் நிற்கிறவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். பாவம் என்று சொல்வார்கள். அந்தப் பாவத்தில் கொஞ்சம் சந்தோஷம் இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. எங்கள் மாடியில் பாதிப்பேர் என்னை மாதிரித்தான் பழகுகிறார்கள், கேட்டால் "சும்மா டைம்பாஸ்டி" என்பார்கள், சொல்லும்போது தோளைக் குலுக்குவார்கள். அத்தனை பேரும் தோளைக் குலுக்குவதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். நிஜமாகவே ஒன்றும் இல்லாதவளுக்குத் தோள் எதற்குக் குலுங்க வேண்டும்?

சைக்காலஜி டிபார்ட்மென்டிலிருந்து ஒரு சீனியர் புராஜெக்டுக்காக ஹாஸ்டலுக்கு வந்தாள், மெல்லிய குரல், மூக்குக்கண்ணாடி. மெஸ்ஸில் ஓரமாக உட்கார வைத்து ஒவ்வொருத்தியையும் கேட்டாள், இந்தக் காலத்துப் பெண்கள் ஏன் பிடிப்பில்லாமல் பழகுகிறார்கள், அதுதான் அவள் தலைப்பு. பேர் வேண்டாம், தைரியமா சொல்லுங்க என்றாள். பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரூம் நம்பரைக் கேட்டாள், அதிலேயே நான் உஷாராகிவிட்டேன். "ஒருத்தர நம்பறதுக்கு உங்களுக்கு எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "உடனே நம்பிருவேங்க" என்றேன். தலையாட்டிக்கொண்டாள். "உங்க அப்பா அம்மா எப்படி?" "ரொம்ப அன்யோன்யமுங்க." அதற்கும் தலையாட்டினாள். அவள் நம்பினாளா, நம்பாததை முகத்தில் காட்டாமல் இருக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்களா? எனக்கு அடுத்து கௌசி போய் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பேசினாள். எழுந்து வரும்போது கண் சிவந்திருந்தது. என்னடி கேட்டா என்றேன். "யாரையாவது மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு வெளிய சொல்லாம இருந்திருக்கீங்களான்னு கேட்டா" என்றாள். நீ என்ன சொன்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவள் யாரை வைத்திருந்தாள்? அது எப்போது? அந்தப் பெருமழை கொட்டின நாளுக்கு முன்னாலா பின்னாலா?

மழைக்குப் பின்னால்தான். ஏனென்றால் குன்னூர் வெயில் என்ற சொல் அவள் வாயில் மழைக்குப் பின்னால்தான் வந்தது. ஜோயல் ஒரு வார்த்தை சொல்வான், மழை விட்டு வெளிச்சம் பளீரென்று அடிக்கும், ஆனால் உடம்பில் சூடு ஏறாது, அதைப் பார்த்து "இது குன்னூர் வெயில்" என்பான். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம், கௌசி வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டே "காயாதுடி இது, குன்னூர் வெயிலு" என்றாள். தேனிக்காரி. குன்னூரை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என் கையில் ஈரத் துப்பட்டா இருந்தது, நான் அதைப் பிழிந்துகொண்டே இருந்தேன், தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும். நான் சொல்லி அவள் பிடித்துக்கொண்டிருக்கலாம். நான் ஜோயலிடமிருந்து பிடித்து, என்னையறியாமல் பேச்சில் விட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். ஆனால் நான் சொல்லியதே இல்லை, அவன் வார்த்தைகளை நான் யாரிடமும் சொல்வதில்லை, எடுத்து உள்ளே வைத்துக்கொள்வேன். உள்ளே வைத்துக்கொள்கிறவளுக்குச் சும்மாதான் என்று சொல்ல என்ன தகுதி இருக்கிறது? அது வேறு விஷயம். அதை இப்போது யோசிக்க வேண்டாம். போன சனிக்கிழமை ஜோயல் வரவில்லை, புராஜெக்ட் என்றான். போன சனிக்கிழமை கௌசி டவுன் ஹாலுக்குச் சுடிதார் துணி எடுக்கப் போனாள், வெறுங்கையோடு வந்தாள், பிடிக்கல என்றாள். தலைமுடி ஹெல்மெட் போட்டுக் கழற்றினது போல உச்சியில் அமுங்கி இருந்தது. பஸ்ஸில் வந்தாலும் அமுங்கும். ஜன்னலில் சாய்ந்து தூங்கினால் அமுங்கும். ஆனால் அது ஒரு பக்கம்தான் அமுங்கும்.

போன் மறுபடியும் அதிர்கிறது. இந்தத் தடவை என் கை முந்திக்கொண்டது. திருப்பிவிட்டேன். பூட்டிய திரையின் மேலே ஒரு வரி. ஜோயல். அதற்குக் கீழே "சொல்லிட்டியா?" அவ்வளவுதான். எழுத்து வெளிச்சமாக இருந்து, மங்கி, அணைந்துவிட்டது. சொல்லிட்டியா. எதை? யாரிடம்? இரு, முதலில் பேரைப் பார். அவன் நம்பரை இவளுக்குக் கொடுத்ததே நான்தான், என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த ஒரு நாள், அவசரத்துக்கு. இவள் என் எதிரிலேயேதான் பதிந்தாள், சிந்து ஜோயல் என்று. "எனக்கு ரெண்டு ஜோயல் தெரியும்டி, ஸ்கூல்ல ஒருத்தன் இருந்தான், அவன் நம்பர்கூட இப்ப இல்ல, இது உன் ஜோயல்" என்று சிரித்தாள், நான்கூட அந்த "உன்" பிடிக்காதவள் மாதிரி முகத்தைச் சுளித்தேன், உள்ளே இனித்தது. இப்போது திரையில் சிந்து இல்லை. வெறும் ஜோயல். தானாக அழியாது அது. ஒருத்தி உட்கார்ந்து, பேரைத் திறந்து, திருத்து என்பதை அழுத்தி, என் பேரின் ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்து, ஜோயலை மட்டும் விட்டு, சேமித்திருக்கிறாள். எங்கே உட்கார்ந்து செய்தாள்? எங்கள் அறையிலா, என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில், நான் தூங்கும்போதா? ஏசி இழுக்கிறது. உள்ளே ஷைலா அக்கா யாரிடமோ "கலர் பிடிக்கும், பயப்படாதீங்க" என்கிறார். கௌசியின் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கொஞ்சம் வேகமாகத்தான் இறங்குகிறது. தூங்கவில்லை. போன் அதிர்ந்தது அவளுக்கும் கேட்டிருக்கும். களிம்புக்குள் என்ன முகம் வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. எல்லோருடைய முகத்தையும் படிக்கிற என் எதிரே இன்றைக்கென்று முகத்தை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

வேறு மாதிரியும் இருக்கலாம். ஜோயல் ஏதாவது எனக்குப் பிறந்தநாள் திட்டம் போட்டிருக்கலாம். என் பிறந்தநாள் ஆடியில் வந்து போய்விட்டது. அவனுக்கு வேலை கிடைத்திருக்கலாம், இவளை விட்டு எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அதை என்னிடமே சொல்லலாமே. இருவருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கலாம், பாவம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், பட்டாணிப் பொட்டலம் நடுவில் பிரிந்து கிடக்கலாம். திறந்து பார்த்தால் முடிந்தது. மேலிருந்து கீழே, வலப்பக்கம், நடுப்புள்ளி. கௌசியால் பார்க்க முடியாது. ஷைலா அக்கா வருவதற்குச் செருப்புச் சத்தம் கேட்கும். என் பெருவிரல் கண்ணாடிக்கு மேலே நிற்கிறது, தொடாமல், அதன் சூடு தெரிகிற தூரத்தில். இந்த விரலை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். கொஞ்சம் வளைந்து, நகத்தின் ஓரம் கடிபட்டு. பீரோக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், அம்மாவின் விரல், அம்மாவின் முதுகு, அப்பாவின் போன், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். எத்தனை வருஷம் அந்தப் போனைத் தடவினாள். என்ன கண்டுபிடித்தாள்? எதையாவது கண்டுபிடித்தாளா, இல்லையா, அதுகூட எனக்குத் தெரியாது. என்னைக் கடைக்கு அனுப்பினாள், மூக்கைச் சட்டைக்கு அனுப்பினாள், விரலைப் போனுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு தடவை அப்பாவின் எதிரே உட்கார்ந்து, அந்த வளர்மதி யாருங்க, உங்களுக்கு என்னங்க வேணும் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார்? ஒருவேளை, அவ நல்லா சிரிக்கப் பேசுவா, அவ்வளவுதான் என்று சொல்லியிருப்பார். ஒருவேளை வேறு சொல்லியிருப்பார். எதுவாக இருந்தாலும் வீட்டில் ஒரு சாயங்காலம் அது பேசி முடிந்திருக்கும், நான் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அத்தனை தெரு நடந்திருக்க வேண்டாம். பதில் வந்துவிடும் என்ற பயத்தில்தான் அம்மா கேட்கவே இல்லை. எனக்கும் அதே பயம்தான், நான் அதற்குச் சும்மாதான் என்று பேர் வைத்திருக்கிறேன். விரலை மடக்கினேன். போனைக் கவிழ்த்தேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"கௌசி."

களிம்புக்குள்ளிருந்து ஒரு "ம்" வந்தது.

"உனக்கும் ஜோயலுக்கும் ஏதாவது ஓடுதா?"

அவள் நெஞ்சு ஏறினது இறங்கவில்லை. வலது கண்ணிலிருந்து வெள்ளரித் துண்டு நழுவிக் காதோரம் விழுந்தது. ஒற்றைக் கண் திறந்து மேற்கூரையையே பார்த்தது. உதட்டை அசைக்காமல் கேட்டாள். "மெசேஜ் பாத்தியா?"

"மேல தெரிஞ்சது மட்டும். உள்ள போகல."

"ஏன்?"

ஏன் பார்த்தாய் என்று கேட்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறாள். எழுந்து உட்கார்ந்துவிட்டாள், இன்னொரு துண்டும் விழுந்தது, வாயைச் சுற்றிக் களிம்பில் விரிசல் ஓடியது. "நீ பாப்பன்னுதான்டி குடுத்தேன். காலையிலருந்து சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன், வாய் வரல. பஸ்லகூட ட்ரை பண்ணேன். நீ எப்படியும் பாத்துருவன்னு நெனச்சேன். நீதான் எல்லாத்தயும் பாப்பியே. கேக்க மட்டும்தான் மாட்ட."

எல்லாத்தையும் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும்? நான் யாரையும் பார்க்காதது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் இவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? "எப்ப இருந்து?" என்றேன்.

"மழை கொட்டுச்சுல்ல, அன்னிக்கு அவன் உன்னயப் பாக்கத்தான் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தான். நீ தலவலி, வரலன்னு மெசேஜ் போட்டுட்டுப் படுத்துட்ட. அவன் போகவே இல்ல, நனைஞ்சுட்டு நின்னான். நான் குடை குடுக்கப் போனேன். பேசிட்டே நின்னோம். அவ்வளவுதான் ஆரம்பம்." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் நான் உங்கிட்ட கேட்டேன் சிந்து. கேக்காம இல்ல. மாடியில துணி காயப்போட்டோமே அன்னிக்கு. உனக்கு அவன் மேல நெஜமாவே ஒண்ணும் இல்லையான்னு கேட்டேன்."

"கேக்கல."

"கேட்டேன். நீ துப்பட்டாவப் பிழிஞ்சுட்டு இருந்த. சிரிச்ச. 'சும்மாதான்டி, வேணும்னா நீ எடுத்துக்கோ'ன்னு சொன்ன."

சொல்லியிருப்பேன். அந்தக் குரல்கூட ஞாபகம் வருகிறது, மேலே ஏறி, சுழித்து, தோளைக் குலுக்குகிற குரல். குன்னூர் வெயிலை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு அதை விட்டிருக்கிறேன். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த எனக்கு, நான் சொன்னது கண்ணில் படவே இல்லை. "அது வெளையாட்டுக்குடி" என்றேன்.

"தெரியும். எனக்குள்ள தெரியும். ஆனா வேற எதயும் நீ சொன்னதே இல்லயேடி." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள், பச்சை இரண்டு கோடாகக் கரைந்து கழுத்துத் துண்டில் இறங்கியது. "நீ ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இருக்குன்னு சொல்லியிருந்தா அதுக்கப்புறம் அவங்கிட்ட நான் பேசியே இருக்க மாட்டேன்."

இதை நம்பலாமா? அழுகை நல்ல அழுகைதான், ஆனால் ரெபெக்காவின் அழுகையும் நல்ல அழுகைதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறாளோ? இருக்கலாம். இருக்கட்டும். இத்தனை மாதம் சும்மா சும்மா என்று தண்ணீர் ஊற்றி உள்ளே இறக்கியது போதும். "இருந்துச்சு கௌசி" என்றேன். "எனக்கு இருந்துச்சு." சொன்னதும் எதுவும் இடியவில்லை. ஏசி அதே மாதிரி இழுத்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. ஷைலா அக்கா கையுறையோடு வந்து நின்றார், இரண்டு கையிலும் மருதாணி. "என் ஈஸ்வரா, என்ன பண்ணி வெச்சிருக்க முகத்த? ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்லக்கா" என்றாள் கௌசி.

"அப்ப போய்க் கழுவு. அரைகுறையா காஞ்சா திட்டுத்திட்டா நிக்கும்." என்னைப் பார்த்தார். "நீ வந்து உக்காரு, கையக் கழுவிட்டு வரேன்."

கௌசி தொட்டியில் குனிந்து தண்ணீரை வாரி வாரி அடித்தாள். என் கையில் போன் இப்போது அடித்தது, மெசேஜ் இல்லை, கூப்பிடுகிறான். ஜோயல், ஜோயல் என்று பேர் விட்டு விட்டு எரிந்தது. நான் அவளைப் பார்த்தேன். குனிந்தபடியே, கண்ணைத் திறக்காமல், "எடு" என்றாள்.

"கௌசி, சொல்லிட்டியா? என்ன சொன்னா?" என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு, படி ஏறுகிறான் போல.

"அவளுக்கு இருந்துச்சாம்" என்றேன்.

அந்தப் பக்கம் நடை நின்றது. "சிந்து?"

"ம்."

பின்னால் பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. அது எந்த ஸ்டாப்பாக இருக்கும், இந்த நேரத்தில் அங்கே என்ன வேலை அவனுக்கு என்று மனம் கிளம்பிப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். "உனக்கு?" என்றேன். "உனக்கு எம்மேல ஏதாவது இருந்துச்சா ஜோயல்? நேரா சொல்லு."

"இருந்துச்சு" என்றான். "சொல்ல ரெண்டு மூணு தடவ வாயெடுத்தேன். நீ சிரிச்சுட்டே பேச்ச மாத்திருவ. நீ போட்ட ரூலு, நான் எப்படி மீறறது? மீறினா நீ போயிருவியோன்னு இருந்துச்சு. அப்புறம்... அப்புறம் எனக்கே ஓஞ்சு போச்சு சிந்து."

"இப்ப?"

"இப்ப கௌசியப் பிடிச்சிருக்கு."

எத்தனை தடவை இந்த வரியை மனசுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன், எத்தனை பேர் வாயில் போட்டுப் பார்த்திருக்கிறேன். நிஜமாக வரும்போது அது அவ்வளவு நீளமாக இல்லை. வலித்தது, வலிக்கிற இடம் இதுதான் என்று விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி வலித்தது. உடம்பு முழுக்க எங்கே என்று தெரியாமல் இத்தனை நாள் இருந்ததற்கு இது பரவாயில்லை போலத் தோன்றியது. அந்தப் பரவாயில்லையையும் நான் உடனே நம்பவில்லை. நாளைக்குக் காலையில் எழுந்தால் தெரியும், எதிர்க் கட்டிலில் இவள் இருப்பாள், மெஸ்ஸில் எதிரே இவள் உட்காருவாளா, நான் உட்காருவேனா. "சரி, அவகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லி, துடைத்தும் துடைக்காமலும் பக்கத்தில் வந்து நின்ற கௌசியின் ஈரக் கையில் போனை வைத்தேன். முகம் சிவந்து பளபளவென்று இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதுவும் கண்ணில் பட்டது.

நாற்காலியில் சாய்ந்தேன். ஷைலா அக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, "கண்ண மூடி, மேலயும் கீழயும் விரலால இழுத்துப் பிடி" என்றார். பிடித்தேன். இருட்டில் நூல் கிறீச் கிறீச் என்று ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிக்கொண்டு போனது, கண்ணோரம் தண்ணீர் தானாகக் கோடிட்டுக் காதுக்குள் இறங்கியது. இது நூலுக்கு வருகிற தண்ணீர்தான் என்று ஷைலா அக்கா நினைத்துக்கொள்ளட்டும். கௌசி ஜன்னல் பக்கம் போய் நின்று அவனோடு பேச ஆரம்பித்தாள். என்ன பேசுகிறாள்? "அழல" என்று ஒன்று கேட்டது. அப்புறம் "தெரியல", அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை, முணுமுணுப்பு மட்டும், நூல் சத்தம் அதையும் தின்றது. என் காது முழுதாக எழுந்து அந்த ஜன்னலுக்குப் போய் நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், இன்னும் கொஞ்சம் கேட்குமா என்று. என் பேரைச் சொன்னாளா இப்போது? சிரித்தாளா? அது இருமலா?

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றேன். நூல் நின்றது. கண்ணைத் திறக்காமலே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

"கௌசி, சத்தமா பேசு. எனக்கும் கேக்கணும்."